இரண்டும் இடது

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் யோசித்ததல்ல. ஒரு கித்தார் பட்டறையின் சுவரில் தொங்கியது. இரண்டு கித்தார்கள், இரண்டிலும் இடது விலா, அதாவது வளைந்த பக்கப்பலகை, கருஞ்சிவப்பு, வலது விலா தேன் நிறம். “ஏன் விக்கலை?” என்று கேட்டேன். பட்டறைக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பாதிதான் சொன்னார்கள். மீதிக்குத்தான் நான் இருக்கிறேனே!

2

முதல் வரி: “அவள் கைபட்டதும் மரம் மெழுகாய் உருகி…”

வேண்டாம். மரம் உருகாது. நனைத்து, சூடான குழாயில் அழுத்தி, அது இளகும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் மளுக். [இல்லறத்தைப் பற்றி இங்கே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். நீங்களே எழுதிக்கொள்வீர்கள்.]

மறுபடி: அவள் மரம் வளைப்பவள், அவர் பாலிஷ் போடுபவர். வெளியூர் நாற்காலித் தொழிற்சாலை ஒன்று அவரை மேற்பார்வைக்குக் கூப்பிட்டிருந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். இருவரும் சேர்ந்து செய்யும் கடைசிக் கித்தார் இது. “போகாதீங்க” என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பியது.

ஆ, கதை பிடித்துக்கொண்டது! இனி நிற்காது.

3

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, விலாவுக்கான இரண்டு பலகையிலும் வெளிப்பக்கம் எதுவென்று குறி போட்டுக் கொடுத்தார். அவள் வளைத்தாள். ஆறியபின் மேசைமேல் வைத்தால்…

“என்னடி இது? ரெண்டும் இடது!”

ஒரே காலுக்கு இரண்டு செருப்பு வாங்கியதுபோல.*

“நூறு கித்தார்ப் பொட்டி வளைச்ச கையா இது?”

“நூத்திப் பதினொண்ணு.”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்லை.”

“வலதுக்கு வேற பலகை இருக்கு. ஆனா வெளிர் நிறம், ஜோடி சேராது. விடுங்க, நீங்க கிளம்பற வேலையப் பாருங்க.”

“யாரு சொன்னா சேராதுன்னு? அரக்குப் பாலிஷைப் பதமா ஏத்தினா சேரும்.”

“ரெண்டு இடது இருக்கே?”

“அப்போ ரெண்டு கித்தார். ரெண்டு மாசம்.”

“ஒண்ணாந்தேதி?”

“அதான் மாசாமாசம் வருதே.”

* மேலே குறுகல், கீழே அகலம் என்று முன்பே வெட்டிய பலகை. எப்படித் திருப்பினாலும் வலது ஆகாது.

4

நான் நாற்காலியை விட்டுத் துள்ளினேன். கைகாரி! வேண்டுமென்றே செய்திருக்கிறாள்! முடிவையும் எழுதினேன்: “அவர் பாலிஷ் துணியைச் சுருட்டினார். அவள் மனதுக்குள்…”

பிழை பார்க்க மூன்றாம் பகுதிக்குப் போனேன். பென்சில்! குறி போட்டது அவரல்லவா? ஒரு பலகையில் வேண்டுமென்றே மாற்றிப் போட்டிருந்தால்? ‘போக மனசில்லை’ என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லையோ?

[வெறும் கைத்தவறாகவும் இருக்கலாம். நான் நம்பமாட்டேன்.]

5

பட்டறைக்கே ஓடினேன். அவள் குழாயைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள், அவர் பாலிஷில் இருந்தார்.

“வேணும்னே செஞ்சது யாரு?”

“நான்தான்” என்றார்கள், இருவரும் ஒரே மூச்சில்.

பிறகு சட்டென்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் கணக்குப் போட்டேன். அவர் குறியை மாற்றி, அவளும் மாற்றி வளைத்திருந்தால் இரண்டு தப்பும் சேர்ந்து சரியாகியிருக்கும். ஒரு இடதும் ஒரு வலதும் வந்திருக்கும். ஆக, இவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார். அந்தத் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ள அத்தனை ஆசை!

யார் என்று எனக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை, குழாய் சூடேறிவிட்டிருந்தது. பென்சிலை உங்கள் காதில் செருகிவிட்டு நான் கிளம்புகிறேன். குறியை நீங்கள் போடுங்கள்.