மூன்றாம் நிறுத்தத்தில் ஐந்தாவது ஆள்

ஆட்களை எண்ணுவது என் வேலை. விமானம் நகரத் தொடங்குமுன், தரையில் நிற்கும் ஒவ்வொருவரையும் விரல் நீட்டிச் சுட்டி, வாய்விட்டு எண்ணி, கடைசியில் "சரி!" என்று சொல்ல வேண்டும். மனதுக்குள் எண்ணினால் செல்லாது. ஒரு தலை குறைந்தாலும் விமானத்தை நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். யாராவது சக்கரத்தடியில் கிடக்கலாம். இத்தனை வருடத்தில் நான் ஒரு நாளும் தப்பாக எண்ணியதில்லை என்ற திமிர் எனக்கு உண்டு.

அந்தத் திமிர் போன இலையுதிர் காலத்தின் கடைசியில் ஒழிந்தது. எங்கள் ஐந்து பேரில் ஒருவரான தெத்சுவோ வீட்டுக் குளியல் தொட்டியில் மாரடைத்துச் செத்துப்போனார். ஈமச்சடங்கு முடிந்து வந்த முதல் சியோல் விமானத்தை அனுப்பும்போது என் வாய் "ஐந்து பேர், சரி!" என்றது. தரையில் இருந்தது நான்கு பேர்தான்: நான், யூகோ, ஷின்பா, எங்களோடு வேலை பார்க்கும் தெத்சுவோவின் மனைவி கிமியே.

விமானம் போனதும் யூகோ பக்கத்தில் வந்தான்.

"தலைவரே, கண்ணாடிய மாத்துங்க. இல்ல நேத்து குடிச்சது இன்னும் எறங்கலையா?"

"போடா, போய் வண்டிய எடு" என்றேன். பழக்க தோஷம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த முறை வேண்டுமென்றே மெதுவாக எண்ணினேன். வரிசையின் கடல் பக்கக் கோடியில், தெத்சுவோ வழக்கமாக நிற்கும் இடத்துக்கு வந்ததும் விரல் தானாக நின்றது. அங்கே பனி விழுந்துகொண்டிருந்தது. ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் தரையில் பனி சேரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. "ஐந்து பேர், சரி!" என்றுதான் சொன்னேன்.

எங்கள் இசோகி விமான நிலையம் பெரிய ஊர்க்காரர்கள் கேள்விப்படாத இடம். யுத்த காலத்தில் பைன் தோப்பை வெட்டி ராணுவம் போட்ட மண் தளம். பிறகு இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானங்கள் வந்தன. ஜெட் வர வேண்டுமென்று கடலைத் தூர்த்து ஓடுபாதையை நீட்டினார்கள். சியோலுக்கு விமானம் விட்டதும் பெயர்ப்பலகையில் 'சர்வதேச' என்று ஒரு வார்த்தையைச் செருகினார்கள். சுங்கக்காரர்களும் குடியேற்றக்காரர்களும் சியோல் விமானம் உள்ள நாட்களில் மட்டும் நகரத்திலிருந்து ஒரே வேனில் வந்து இறங்குவார்கள். அந்த விமானம் வந்து நிற்பதற்கென்று கடலோரமாக மூன்றாம் நிறுத்தம். அங்கே அடிக்கிற காற்றுக்குப் பயந்து யாரும் போக மாட்டார்கள். தெத்சுவோதான் அதைத் தன் சொத்து மாதிரி வைத்திருந்தார்.

புறப்படும் விமானத்துக்குத் தரைப் பணியாளர்கள் வரிசையாக நின்று குனிந்து வணங்கி, அது ஓடுபாதைக்குத் திரும்பும்வரை கையசைக்க வேண்டும். பனியில் வெள்ளைக் கையுறை தெரியாது என்று கிமியே அவருக்கு மட்டும் கையுறையைச் சிவப்புச் சாயத்தில் முக்கிக் கொடுத்திருந்தாள். ஜன்னலோரக் குழந்தைகள் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் திருப்பிக் கையசைக்கும். ஊரையே வழியனுப்பிய மனுஷன் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. பயம். "இவ்ளோ இரும்பு எப்படிய்யா பறக்கும்?" என்பார். அடுத்த வசந்தத்தில் சியோல் போகலாம் என்று மனைவியிடம் வருஷா வருஷம் சொல்லிவந்தார்.

அவர் போனதிலிருந்து கிமியே கையசைப்பதில்லை. வரிசையில் நின்று வணங்குவாள். கை மட்டும் எழாது. பயணிகள் பார்க்கிறார்களே என்று எனக்கு எரிச்சல். ஒரு நாள் ஓய்வறையில் சோற்றுருண்டையைப் பிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, கையில என்ன சுளுக்கா?"

"நீங்கதான் அஞ்சுன்னு எண்ணுறீங்களே தலைவரே" என்றாள். "நான் கையசைச்சா அவரு போயிடுவாரு."

யூகோ தேநீரைக் கீழே வைத்தான்.

ஜனவரிக் குளிரில் தகவல் வந்தது. ஆள் சேராததால் சியோல் விமானத்தை நிறுத்துகிறார்கள். மூன்றாம் நிறுத்தத்தைக் கயிறு கட்டி மூடப்போகிறார்கள். கிமியே என் பக்கம் திரும்பினாள்.

"அங்க இனி ஒருத்தரும் வர மாட்டாங்கல்ல?"

"வர மாட்டாங்க."

"அப்ப அவரு தனியா நிக்கணுமா? அந்தக் காத்துல?"

"அக்கா, கடைசி விமானத்துல நீங்களும் ஏறிடுங்க" என்றான் யூகோ. "அவரும் பின்னாலயே வந்துருவாரு."

"நான் ஏறிட்டா அவருக்கு யாருடா கையசைப்பா? ஒருத்தரும் வழியனுப்பாம அவரு அனாதை மாதிரி போகணுமா?"

கடைசி விமானம் கிளம்பிய மதியம் பனி கனமாகப் பெய்தது. மூட்டைகள் ஏறின, கதவுகள் மூடின. என் காதுக் கருவியின் கம்பி விமானத்தில் செருகியிருந்தது. மறுமுனையில் விமானி பியோ. எங்கள் மொழியைப் பழகிப் பேசுகிற நல்ல மனிதர்.

வரிசையில் நின்ற கிமியே இடத்தைவிட்டு நகர்ந்தாள். அது கூடாது. கத்த வாயெடுத்தவன் அடங்கிவிட்டேன். அவள் கடல் பக்கக் கோடிக்குப் போய், பனி சேராத அந்த இடத்தைப் பார்த்துப் பேசினாள்.

"போதும், நின்னது போதும். ஏறுங்க. பயப்படாதீங்க, எத்தனை பேர நீங்களே அனுப்பியிருக்கீங்க, யாராவது விழுந்தாங்களா? நான் பின்னால வர்றேன். இந்தத் தடவை நீங்க முதல்ல போங்க."

பிறகு தன் இடத்துக்குத் திரும்பினாள். நான் விரலை நீட்டினேன். யூகோ, ஷின்பா, கிமியே, கடைசியில் என் நெஞ்சைத் தொட்டு நான். விரலைக் கடல் பக்கம் நகர்த்தினேன். எதிலும் நிற்கவில்லை. அந்த இடத்திலும் பனி விழுந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது.

"நான்கு பேர்" என்றேன். "சரி" வாயில் வரவில்லை.

கம்பியில் பியோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "குவபாரா, கொஞ்சம் இருங்க. எப்பவும் அஞ்சு பேர் இருப்பீங்களே. ஒருத்தர் குறையுது. அந்தச் சிவப்புக் கையுறைக்காரர் எங்க? அவரைப் பார்க்காம நான் நகர மாட்டேன்."

ஆக, இத்தனை நாளும் பியோவின் கண்ணுக்கும் அவர் தெரிந்திருக்கிறார். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்ற நிம்மதியில் அழுகை வந்துவிட்டது. கிமியே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேட வேண்டாம் கேப்டன்" என்றேன். "அவர் உங்க விமானத்துல வர்றார்."

எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே பியோ கேட்டார்.

"முதல் தடவையா?"

"ஆமா. கொஞ்சம் பயப்படுவார்."

"மெதுவா கூட்டிட்டுப் போறேன்" என்றார். நான் கம்பியைப் பிடுங்கிவிட்டு வாய்விட்டுச் சொன்னேன்.

"சரி!"

விமானம் நகர்ந்தது. நாங்கள் குனிந்து வணங்கி நிமிர்ந்தோம். கிமியே இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி அசைத்தாள். விமானம் ஓடுபாதைக்குத் திரும்பியது, எழும்பியது, மேகத்துக்குள் போனது. ஷின்பா கயிற்றை எடுத்து வந்து ஓரமாக நின்றான். அவள் கையை இறக்கும்வரை அவன் அதைக் கட்டவில்லை.