எண்பது போதும்

மலைப்பாதையின் முதல் வளைவிலேயே என் கணவர் ஹீட்டரை அணைத்துவிட்டார்.

"குளிருதுடா," என்றார் பின்சீட்டிலிருந்து அவருடைய அம்மா.

"ஹீட்டர் சார்ஜைத் தின்னும்மா. போர்வையை நல்லா சுத்திக்கோ."

"போர்வைக்குள்ள சுருண்டுக்கிட்டு போறதுக்கு காரு எதுக்கு? உன் சைக்கிள் பின்னாடியே உக்காந்து வந்திருப்பேன்."

அத்தைக்கு இந்த மின்சாரக் காரைப் பிடிக்காது. சத்தமே இல்லாமல் கிளம்புவதால் அதற்கு 'ஊமை வண்டி' என்று பெயர் வைத்திருந்தார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இப்போது என் கண் முழுக்கத் காரின் திரையில் தெரிந்த சார்ஜ் சதவீதத்தின்மேல் இருந்தது. நாற்பத்தொன்று.

மடியில் என் ஃபைல். அதற்குள் நியமன உத்தரவு. எடுத்துப் பார்க்கத் தேவையில்லை, மனப்பாடம். இன்று மாலை நான்கு மணிக்குள் நேரில் வந்து பணியில் சேர வேண்டும், தவறினால் பட்டியலில் உள்ள அடுத்தவருக்கு இடம் போய்விடும். மலைமேல் இருக்கிற மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவின் பொறுப்பாளர் வேலை.

பத்தொன்பது வருடமாக நகரத்து மருத்துவமனையின் தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் எக்ஸ்ரே எடுக்கிறேன். மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. விடலாம். ஒரு நாளைக்கு அறுபது எழுபது முறை இதைச் சொல்லுவேன்.

இந்தப் பதவி உயர்வு இதற்கு முன் இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை அத்தைக்குக் கண் ஆபரேஷன். இரண்டாம் முறை எந்தக் காரணமும் இல்லை. என் கணவர் "உன் இஷ்டம்" என்றார். நான்கு நாள் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனார். ஐந்தாம் நாள் வேண்டாம் என்று நானே கடிதம் எழுதிக் கொடுத்தேன். அன்று மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எங்கள் வீட்டில் யாரும் என்னைத் தடுத்ததில்லை. அதை யாரிடமும் சத்தியம் செய்து சொல்லுவேன்.

இந்த முறை மட்டும், "நானே கொண்டுபோய் விடறேன்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. காலை ஆறரை பஸ்ஸில் ஏறியிருந்தால் பத்தரைக்கு அங்கே இருந்திருப்பேன். ஆனால் அவர் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட வேண்டும், என் அறையைப் பார்க்க வேண்டும், "பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நாற்பத்துநாலு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆசைப்பட்டேன். அத்தையும் காற்று வாங்க வருகிறேன் என்றார். ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டியது, பதினொன்றே கால் ஆகிவிட்டது.

"முப்பத்தி மூணு," என்றேன்.

"சும்மா எண்ணிக்கிட்டே வராதே. பாதி வழியில ஒரு ஓட்டல் இருக்கு. அங்க சார்ஜர் இருக்கு. கால் மணி நேரம் போட்டா போதும்."

"நூறு வச்சுக் கிளம்பினா நிக்காமலே போயிடலாம்னு நீங்கதானே சொன்னீங்க? காலையில பார்த்தா எண்பதுதான் இருந்துச்சு. நேத்து நான்தான் சொருகினேன். நூறுன்னு வச்சேன்."

"கரண்டு போயிருக்கும்."

"கரண்டும் பேட்டரி மாதிரியே எண்பதுக்கு மேல வேலை செய்யாதோ என்னமோ," என்றார் அத்தை. அவருக்கும் எண்பதுதான் நடக்கிறது.

எண்பதுக்கு மேல் சார்ஜ் போடக் கூடாது என்பது என் கணவருடைய சட்டம். பேட்டரியின் ஆயுள் குறையுமாம். வீட்டில் எல்லாவற்றுக்கும் அவரிடம் இப்படி ஓர் எல்லைக்கோடு உண்டு. ஆனால் இந்த ஒரு நாள் நூறு வேண்டும் என்று கேட்டிருந்தேன். தலையை ஆட்டியிருந்தார்.

ஓட்டலை அடைந்தபோது மணி ஒன்று ஐம்பது. திரையில் பதினேழு. சார்ஜர் இருந்தது. அதன்மேல் நீல பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள், தலையில் அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்டதுபோல.

"அது போய் பத்து நாளாச்சு சார்," என்றார் காவலாளி. "ஆளு வரணும். வருவாங்க வருவாங்கன்றாங்க."

"போன்ல வேலை செய்யுதுன்னு காட்டுச்சே?"

"போன்ல செய்யும் சார். இங்கதான் செய்யாது."

இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர் ஏற்றம். பதினாறு போகலாம் என்றது திரை. என் கணவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கதவைத் திறந்து உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். பதற்றமே இல்லை. மூட்டையை இறக்கி வைத்தவர் முகம் மாதிரி இருந்தது.

"ஒண்ணும் பண்ண முடியாது," என்றார். "ஏறினா நடுவுல நின்னுடும். இறங்கினா பிரச்சனையே இல்ல. இறக்கத்துல வண்டி தானா சார்ஜ் ஏத்திக்கும். கீழ போய் முழுசா போட்டுட்டு நாளைக்குக் காலையில வரலாம்."

"நாளைக்கு வந்தா வேலை இல்லை."

"பேசிப் பார்க்கலாம். மனுஷங்கதானே."

"ஒரு நாள் பிந்திப் போனா என்ன," என்றார் அத்தை, "ஊர்ல இருக்கிற எலும்பெல்லாம் எந்திரிச்சு ஓடிடுமா?"

பக்கத்தில் வேறு சார்ஜர் இருக்கிறதா என்று பார்க்க என் போனில் காரின் செயலியைத் திறந்தேன். அந்தக் கார் சரியான வாயாடி. கதவு பூட்டியது, கண்ணாடி ஏறியது என்று எல்லாவற்றுக்கும் செய்தி அனுப்பும். தொல்லை தாங்காமல் எப்போதோ ஒலியை நிறுத்தி வைத்திருந்தேன். செய்திகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன.

நேற்று, 9.10: சார்ஜ் எல்லை 80-லிருந்து 100 ஆக மாற்றப்பட்டது.

நேற்று, 9.40: சார்ஜ் எல்லை 100-லிருந்து 80 ஆக மாற்றப்பட்டது.

இரண்டு முறை படித்தேன். ஒன்பது நாற்பதுக்கு நான் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டார். எடுத்துக்கொண்டேன் என்றேன்.

போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இது என்ன?"

பார்த்தார். "வழக்கமா வைக்கிறதுதானே. கை பழக்கம்."

"கரண்டு போயிருக்கும்னு சொன்னீங்க."

"மறந்துட்டேன். கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன். தொண்ணூத்தாறு கிலோமீட்டர். எண்பது தாராளமா போதும். மலையில இவ்வளவு இழுக்கும்னு யாருக்குத் தெரியும்?"

யாருக்குத் தெரியும்!

என் கணவர் லிஃப்ட் பராமரிப்பு இன்ஜினியர். இருபத்துமூன்று வருடமாக மனிதர்களை மேலே ஏற்றி இறக்குவதுதான் தொழில். எத்தனை கிலோவை எத்தனை மாடி தூக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். எங்கள் கல்யாண மண்டபத்திலேயே லிஃப்டுக்குள் ஏறிய என் சித்தப்பாக்களில் இருவரை எடைக்கணக்குச் சொல்லி வெளியே இறக்கியவர். அவருக்கு ஏற்றம் இழுக்கும் என்று தெரியாதாம்.

எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. மலை ஏறியதால் அல்ல. உள்ளே ஏதோ ஒன்று மிகத் தெளிவாகத் தெரிந்தது, கறுப்புத் திரையில் முறிவு வெள்ளைக்கோடாகத் தெரிவதுபோல. கண் ஆபரேஷன், தட்டில் மிச்சம் வைத்த சோறு, "உன் இஷ்டம்". எல்லாம் தனித்தனி என்று நினைத்திருந்தேன். ஒரே எலும்பு. ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்ப அடி விழுந்திருக்கிறது.

"நான் அங்க போறது உங்களுக்குப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

கத்தியது நான்தான். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

"மெதுவா பேசு. பிடிக்கலைன்னு நான் எப்ப சொன்னேன்?"

"அதைத்தான் கேக்கறேன். ஏன் சொல்லலை? சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். நீங்க சண்டைக்கு இடம் குடுத்ததே இல்லை. ராத்திரி படுத்துக்கிட்டே ஒரு விரலால தள்ளிவிட்டுட்டு, ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியான்னு கேக்கறீங்க!"

அவ்வளவு கோபத்திலும் 'நீங்க' என்றுதான் வந்தது. அதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது.

அவர் ஸ்டியரிங் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, முதல் முறையாக, உண்மையைச் சொன்னார்.

"வாரத்துல அஞ்சு நாள் நீ இல்லாம அந்த வீட்டுல நான் என்ன பண்றது?"

இதைப் போன வாரம் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். ஒருவேளை மூன்றாவது கடிதத்தையும் எழுதிக் கொடுத்திருப்பேன். இப்போது அந்தக் கேள்வி காரின் முன்கண்ணாடியில் படிந்த பனிமாதிரிதான் இருந்தது. கையால் துடைத்தால் போய்விடும்.

"சாப்பிடுங்க. தூங்குங்க. துணியை நீங்களே மடிச்சு வைங்க," என்றேன்.

"அப்ப என்னை யாரு பாத்துக்குவா?" என்றார் அத்தை.

"உங்க பிள்ளை, அத்தை. வண்டியோட பேட்டரியை எப்படிப் பாத்துக்கறாரு, பார்த்தீங்கல்ல? உங்களையும் நல்லா பாத்துப்பாரு."

அத்தை போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டார்.

கீழே இறங்கிக் காவலாளியிடம் கேட்டேன். மேலே போக ரெண்டேகாலுக்கு ஒரு பஸ் இருக்கிறது என்றார். "கையைக் காட்டினா நிப்பாட்டுவான்மா. கூட்டமா இருக்கும்."

பின்கதவைத் திறந்து என் பெட்டியை இழுத்தேன். அதன்மேல் என் கணவரின் இரண்டு மடக்கு நாற்காலிகளும், அத்தையின் தலையணையும், ஒரு ஃபிளாஸ்க்கும் கிடந்தன. எல்லாவற்றையும் தரையில் இறக்கி வைத்தேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார். உதவவில்லை. தடுக்கவுமில்லை.

"பஸ்ல அடிச்சுப் பிடிச்சுப் போகணுமா? கௌரவமா இருக்குமா?"

"பத்தொன்பது வருஷம் பஸ்லதான் வேலைக்குப் போனேன்."

பஸ் வந்தது. உட்கார இடமில்லை. ஏறும்போது பின்னால் அத்தையின் குரல் கேட்டது. "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு! இவன்கிட்ட அந்த ஹீட்டரைப் போடச் சொல்லிட்டாவது போயேம்மா!"

ஒவ்வொரு வளைவிலும் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி யார் யார் மேலோ சாய்ந்தேன். பஸ் இருமியது, புகை கக்கியது, முனகிக்கொண்டே ஏறியது. ஆறு இடத்தில் நின்றது. ஒரு இடத்தில் ஓட்டுநர் இறங்கி யாரிடமோ நிதானமாகப் பேசிவிட்டு வந்தார். அவரைக் கொன்றுபோடலாம் போல் இருந்தது. மூன்றேகாலுக்குப் போனைப் பார்த்தேன். கார் இறங்கிக்கொண்டிருந்தது. பதினெட்டு. கொஞ்சம் கழித்து இருபது. நான் இல்லாமல் போகிற வண்டி நிறைந்துகொண்டே போனது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஆனாலும் பார்த்தேன்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு மருத்துவமனை அலுவலகத்துக்குள் நுழைந்தேன். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வர மாட்டீங்கன்னு நினைச்சு அடுத்தவங்க நம்பரை எடுத்து வச்சுட்டேன் மேடம்."

"அதைத் திரும்ப உள்ள வைங்க," என்றேன்.

கையெழுத்து பாதி கோட்டுக்கு வெளியே போனது. நேரம் என்ற கட்டத்தில் 3.55 என்று எழுதினேன்.

எக்ஸ்ரே அறை மாடியில் இருந்தது. ஜன்னல் இருந்தது. அதற்கு வெளியே பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஈய அங்கி மாட்டிய கொக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனைத் திறந்தேன். அவரிடமிருந்து ஒரே ஒரு செய்தி.

'கீழ வந்தாச்சு. 21 இருக்கு. நான் சொன்னேன்ல?'

சேர்ந்தாயா என்று கேட்கவில்லை.

கோபம் தணிந்துவிடும், எப்போதும்போல ஒரு மணி நேரத்தில் கரைந்து, கடைசியில் பாவம் என்று தோன்றிவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன். தணியவில்லை. நன்றாக இருந்தது. பத்தொன்பது வருடமாக மற்றவர்களிடம் "விடலாம்" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அடிவாரத்தில் காரைச் சார்ஜரில் மாட்டியிருந்தார். எல்லை எண்பது என்று காட்டியது. விரலால் தள்ளி நூறு ஆக்கினேன்.

அரை நிமிடத்தில் எண்பதுக்கு வந்தது.

நூறு ஆக்கினேன்.

எண்பது.

நூறு.

போன் அடித்தது. அத்தை. "சேர்ந்துட்டியா? சரி. இங்க என்னம்மா நடக்குது? இவன் போனை முறைச்சுக்கிட்டு குத்து குத்துனு குத்திக்கிட்டு நிக்கிறான்."

"ஒண்ணுமில்ல அத்தை. பேசிக்கிட்டு இருக்கோம்," என்றேன்.

வைத்துவிட்டுப் பார்த்தேன். எண்பது. வெளியே யாரோ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதாக உதவியாளர் வந்து சொன்னாள். "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் நூறு வைத்தேன்.