சிலம்பான பெண்

மாவலி கங்கை வளைந்து தழுவ, மலைகள் சூழ நின்று காவல் புரிய, ஏரிநீரின் மேல் அந்திப்பொன் உருகிப் பரந்த கண்டி மாநகரில், கற்றோரே, தமிழ்க்கவிதை தன் இரண்டாம் பிறப்பை எய்திய மாலை அது. நூல் வெளியீட்டு மண்டபத்தில் ஐவர் இருந்தனர். அவருள் ஒருவர் வாடகைக்கு விட்ட கதிரைகளைத் திருப்பி எடுத்துப்போக வந்தவர்.

ஊரடங்குக்கு அஞ்சியே ஏனையோர் வரவில்லை என்று நூலாசிரியை கமலாசனி அம்மையார் தம்மைத் தேற்றிக்கொண்டார். கலவரத்தில் உடன்பிறந்தார் யாழ்ப்பாணம் ஏக, போரினால் பாதை அடைபட, ஓய்வூதியமும் ஓர் அறையுமே துணையாகத் தனித்திருந்த முன்னாள் ஆசிரியை அவர். பேச ஆளின்றி நா உலர்ந்த பொழுதுகளில் இளையோர்க்கென அவர் பாடி முடித்தது ஒரு யவனக் கதை: நெசவில் தெய்வத்தையும் வெல்வேன் என்று செருக்கிய கன்னியொருத்தி, அத்தெய்வம் சினந்து சபிக்க, எட்டுக்கால் பூச்சியாகி ஓயாமல் நூல் நூற்ற கதை. "எட்டுக்கால் பூச்சி" அடுக்களைச் சொல். "சிலந்தி"யோ உடலில் எழும் கட்டிக்கும் பெயர். ஆகவே பண்டையோர் சொல்லாகிய "சிலம்பி"யைத் தேடியெடுத்து அரியணை ஏற்றினார்.

நூல் வெளிவந்து மழைக்காலமும் கழிந்தது. வாழ்த்தியோர் அட்டையை வாழ்த்தினர். படித்தேன் என்று ஒருவர், ஒரே ஒருவர், சொல்லக் கேட்டால் போதுமென, அவிழ்க்காத நூற்பொதிகளின் நடுவே, வராத விருந்துக்கு இலை விரித்தவர்போல் அவர் காத்திருந்தார்.

அவ்வாறிருக்க, புடைவைக்கடையில் வேலை செய்து பக்கத்து அறையில் தங்கியிருந்த ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துப் பெண் பாப்பம்மா, தான் இரவல் பெற்ற நூற்படியோடு ஒருநாள் கண் சிவந்து வாசலில் நின்றாள்.

"முழுசாப் படிச்சிட்டேன் டீச்சர். அழுகையே வந்துருச்சு."

"எந்த இடத்திலை பிள்ளை?" என்றார் அம்மையார், செந்தமிழ் முற்றும் மறந்து.

"கடைசில அவ சிலம்பா ஆயிடுறாளே! அந்தச் சாமி கால்லயே கெடந்து, அது நடந்தாத்தானே இவ வாயத் தொறக்க முடியும்? எங்க கடையிலயும் அப்படித்தான், மொதலாளியம்மா கேட்டாத்தான் பேசணும். எப்படி டீச்சர் இதெல்லாம் யோசிச்சீங்க?"

அம்மையார் நூலைப் பிரித்தார். தாம் "சிலம்பி ஆனாள்" என்று எழுதியதை, அச்சுக்கோத்த மஹ்மூத் பிழையென்று இரங்கித் திருத்தியிருந்தார்; "சிலம்பு ஆனாள்" என்று நின்றது. காப்பியம் ஈட்டிய ஒரே கண்ணீர் அச்சுப்பிழைக்கு உரியது. உண்மையை உரைத்தால் கண்ணீர் மஹ்மூதுக்குப் போய்விடும். இவளும் தன் அறைக்குப் போய்விடுவாள்.

"ஓம் பிள்ளை," என்றார். "அது நான் கனகாலம் யோசிச்சு எழுதினது. இரு, தேத்தண்ணி போடுறன்."

அவள் இருந்தாள். தெய்வத்தோடு போட்டியிட அஞ்சாத செருக்கும், தனிமையின் முன், எதிரே ஓர் உயிர் அமர்ந்திருக்கும் சிறு பொழுதுக்காகத் தன் அரியணைச் சொல்லை ஓசையின்றி இறக்கி வைத்துவிடும்.

அச்சேற்றும் முன்னரே, பிழை பார்க்கும் மெய்ப்புப்படியை மஹ்மூத் அம்மையாரிடம் அனுப்பியிருந்தார். அம்மையார் தம் முன்னுரையை மட்டும் படித்துவிட்டு, பிழையில்லை என்று ஒப்பமிட்டிருந்தார்.