சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. பழசாகிவிட்டதென்று துறைமுகத்தில் கழித்துப்போட்ட பெட்டி. கப்பல்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதெல்லாம் இதில் கேட்கும். லீவு நாளில்கூட இது இரைந்துகொண்டிருந்தால்தான் என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கும். அவர் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக நான் இதன் வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்ட நானே இன்றைக்கு இதன் முன்னால் தவம் கிடந்தேன். என் மகள் இதில் பேசப்போகிறாள்.

இவர் இழுவைப் படகின் கேப்டன். டக் என்பார்கள். கடலில் ராஜா மாதிரி வருகிற பெரிய கப்பலுக்குத் துறைமுகத்துக்குள் நுழைந்ததும் சொந்தமாகத் திரும்பக்கூட வராது. முன்னால் ஒரு டக், பின்னால் ஒரு டக் கயிறு கட்டி, இழுத்தும் பிடித்தும் கரை சேர்க்கவேண்டும். எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று கப்பலின் உச்சியில் நின்று சொல்பவர்தான் பைலட். மகள் பைலட் வேலைக்குப் படிக்கிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்குமா என்று கேட்டார்கள். இது தண்ணீர்ப் பைலட் என்றதும் அவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது.

இன்றைக்கு அவளுக்குக் கடைசிப் பரீட்சை. ஏற்கெனவே இரண்டு தடவை கப்பலைப் பூப்போலக் கொண்டுவந்து கட்டியிருக்கிறாள். இரண்டு தடவையும் பரீட்சை அதிகாரி கையை விரித்துவிட்டார். குரலில் அதிகாரம் போதவில்லையாம். இந்தத் தடவையும் அதையே சொன்னால், மறுபடி ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து யாரோ கொண்டுவந்த கப்பல்களுக்கு முத்திரை குத்தவேண்டியதுதான். போன தடவை தோற்றுவிட்டு வந்தவள் அழவில்லை. சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னாள்.

“எந்த நாட்டுக் கப்பலா இருந்தாலும் சரிம்மா, நான் நூலேணியில ஏறிப் போய் நின்னதும் அந்தக் கேப்டன் என் தோளுக்குப் பின்னாடி எட்டிப் பாக்கறாரு. பைலட் எங்கேன்னு. கொடி மாறுது, மொழி மாறுது. அந்தப் பார்வை மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

அவள் குரல் மெல்லியதுதான். என் குரல் அது, வேறு எங்கிருந்து வரும்? ஆனால் என் குரலுக்கு இந்த வீட்டில் என்ன மரியாதை என்று எனக்கல்லவா தெரியும். ஜன்னலைச் சாத்துங்கள் என்றால் “ம்.” கேஸ் தீர்ந்துவிட்டது என்றால் “ம்.” அந்த ‘ம்’முக்குக் கேட்டுவிட்டேன் என்று அர்த்தம் கிடையாது. உன் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். டக்கில் வேலை பார்க்கிறவர்களின் பெண்டாட்டிமார் ஒரு தடவையாவது அதில் ஏறி ஒரு சுற்றுப் போய் வந்திருக்கிறார்கள். நான் கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். முடியாது என்று அவர் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ‘ம்’மோடு எப்படிச் சண்டை போடுவது?

போதாக்குறைக்கு, இன்றைக்குப் பின் டக்கை ஓட்டவேண்டிய கேப்டன் காய்ச்சலில் படுத்துவிட்டார். மகளின் பரீட்சைக் கப்பலுக்கு இவரையே போகச் சொல்லிவிட்டார்கள். காலையில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அப்பாவுக்குப் படபடப்பு என்று மகள் என் காதில் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சமையலறை ஜன்னலிலிருந்து துறைமுகம் முழுவதும் தெரியும். அலைதடுப்புக் கற்களுக்கு நடுவிலிருக்கும் வாசல் வழியாகக் கப்பல் நுழைந்தது. அம்மாடி! எங்கள் தெருவை வீடுகளோடு பெயர்த்துத் தண்ணீரில் விட்டதுபோல இருந்தது. இரும்புப் பெட்டிகளை மாடி மாடியாக அடுக்கியிருந்தார்கள். அதன் உச்சியில், இங்கிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத அளவில், என் வயிற்றில் கிடந்தவள் நிற்கிறாள்.

“முன் டக், மெதுவா இழுங்க.” ரேடியோவுக்குள்ளிருந்து வந்தது அவள் குரல். சாதம் போடும்மா என்கிற அதே குரல்.

“மெதுவா இழுக்கறேன், பைலட்,” என்றார் முன் டக்குக்காரர். லொடலொடா என்று அவருக்குப் பட்டப்பெயர். அவரே அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சற்றுப் பொறுத்து, “மெதுவா இழுத்திட்டிருக்கேன்,” என்றார்.

“பின் டக், வலது பக்கம் வந்து பிடிங்க.”

“வலது பக்கம் வந்து பிடிக்கறேன், பைலட்.”

கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டேன். இவர் குரல்தான். அவள் சொன்னதை, சொன்னபடியே, ஒரு வார்த்தை சிந்தாமல் திருப்பிச் சொல்கிறார். செய்து முடித்ததும் செய்துவிட்டேன் என்று மறுபடியும் சொல்கிறார். நிறுத்துங்க என்றால் நிறுத்தறேன். பாதி வேகம் என்றால் பாதி வேகம். இத்தனை வருஷமாக, தினம் தினம், எவரெவரோ சொன்னதையெல்லாம் இப்படித்தான் காதில் வாங்கித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இந்த மனுஷனுக்குக் காது கேட்கும்! கேட்டதைக் கேட்டேன் என்று சொல்லவும் தெரியும்! கரைக்கு வந்ததும் அந்தக் காதை எங்கே கழற்றி மாட்டிவிட்டு வருகிறார்?

கப்பலைத் துறைமுகத்தின் நடுவே வைத்துத் திருப்ப வேண்டும். பாதி திரும்பியிருக்கும், காற்று வந்தது. மாடியில் காயப்போட்டிருந்த துணியெல்லாம் படபடவென்று அடித்தது. அந்தப் பெட்டி அடுக்கு முழுவதையும் காற்று பிடித்துத் தள்ள, கப்பலின் பின்பக்கம் அலைதடுப்புக் கற்களைப் பார்த்து நகர்ந்தது. எனக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. பயம் தெரியும். இவருடைய டக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் இழுத்தது. அதன் பின்னால் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்தது. இழுங்க, இன்னும் இழுங்க என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

“முன் டக், மூக்கை அப்படியே பிடிச்சு வைங்க. பின் டக், இழுக்கறதை நிறுத்துங்க. கயிறைத் தளர்த்துங்க.”

முன் டக் திருப்பிச் சொன்னது. அதற்கப்புறம் ரேடியோவில் இரைச்சல் மட்டும். கப்பல் கல்லைப் பார்த்துப் போகிறது, இவள் விடச் சொல்கிறாளே என்று எனக்கே தோன்றியது. பிறகு அது வந்தது.

“ம்.”

எனக்குத் தெரியாத ‘ம்’மா அது? அதைக் கேட்டுக் கேட்டுத்தானே என் தலை நரைத்தது. துறைமுகம் முழுவதும் கேட்கிற ரேடியோவில், பரீட்சை அதிகாரி பக்கத்தில் நிற்க, மகளுக்கு வீட்டு ‘ம்’மைக் கொடுத்துவிட்டார். தண்ணீர் அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது. அவர் விடவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். கத்துவாள். இல்லாவிட்டால் அப்பா என்று கெஞ்சுவாள். இரண்டில் எது செய்தாலும் தோற்றாள்.

“பின் டக். சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க.”

கத்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. என்னுடைய அதே மெல்லிய குரல். திருப்பிச் சொல்லும்வரை அடுத்த வார்த்தை கிடையாது என்று அது அங்கேயே நின்றது. இப்படியும் கேட்கலாமா? கேட்டுவிட்டுச் சும்மா நிற்கலாமா?

“இழுக்கறதை நிறுத்தறேன்,” என்றார் இவர். “கயிறைத் தளர்த்தறேன்... பைலட்.”

கொதித்த தண்ணீர் அடங்கியது. அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? கல்லைப் பார்த்து வந்த பின்பக்கம் கல்லை ஒட்டி, ஒட்டியே, அரைவட்டமாகச் சுழன்றது. மூக்கை ஒரு டக் பிடித்துக்கொண்டிருக்க, அத்தனை பெரிய இரும்பைக் காற்றே திருப்பியது. பிடித்து இழுத்திருந்தால் நடுவில் மாட்டி நின்றிருக்கும். அவள் காற்றை எதிர்க்கவில்லை, வேலைக்கு வைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது. பக்கத்தில் யாரும் இல்லை, வெங்காயத்தின்மேல் பழி போடவேண்டிய அவசியமும் இல்லை, அதனால் நன்றாகவே அழுதேன்.

“தளர்த்தியாச்சு, பைலட்,” என்றார் இவர்.

மத்தியானம் மகள் போன் செய்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். குரலைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம், காற்று வரப்போவதை எப்போது பார்த்தாய் என்று மட்டும் கேட்டாராம். தூரத்தில் தண்ணீரின் நிறம் மாறியபோதே என்றாளாம். அடுத்த கப்பலுக்கு நேரமாகிவிட்டதென்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் இவர் வந்தார். பொத்தான் மாறிய சட்டையோடு மேசையில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பெட்டி என் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்ததே. மகள் பாஸாம் என்றார். தெரியும் என்றேன். ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

“அடுத்த தடவை பாப்பா கப்பல் கொண்டு வரப்போ, நான் உங்க டக்ல வரேன்.”

“ம்.”

வழக்கமாக இந்த இடத்தில் நான் பாத்திரத்தை ணங்கென்று வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவேன். இன்றைக்குத் திரும்பவில்லை. கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டேன்.

“சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, மகள் கொண்டுவந்து கட்டிய கப்பல் அசையாமல் நின்றிருந்தது. குடிக்கத் தூக்கிய தம்ளர் மேசைக்கும் அவர் வாய்க்கும் நடுவில் அப்படியே நின்றது. நானும் நின்றேன்.