போர்த்திய கொடி

கணவன் எதிரியிடம் பிடிபட்ட நாளிலிருந்து ராணுவ அலுவலகத்துக்கு அவள் வேண்டாத விருந்தாளி. சிறைக்கு அனுப்பச் சொல்லி அவள் பின்னிக் கொண்டுபோன ஸ்வெட்டரை அதிகாரி தொடக்கூட இல்லை. "கையைத் தூக்கிட்டு நின்னவனுக்கு ஸ்வெட்டர் ஒரு கேடா?" என்று விரட்டிவிட்டார்.

அந்தச் சிறையிலேயே அவன் குளிரில் விறைத்துச் செத்தான். செத்ததும் மாவீரன் ஆகிவிட்டான். அவளைக் கண்டால் கதவைச் சாத்திய தெருவே சவப்பெட்டிக்கு முன்னால் முண்டியடித்தது. பெட்டிக்குக் கொடி போர்த்திக் கொண்டுவந்த அதே அதிகாரி மூக்கை உறிஞ்சினார். "நாட்டுக்கே பெருமைம்மா!"

அவள் கொடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்ல கனமான துணிதான் சார். பொணத்துக்குத்தான் குளிரும்னு யாரு சொன்னா உங்களுக்கு?"