பத்துத் தையல் மெஷின்கள்

"பத்து மெஷின்னு எழுதிட்டேன். போன வருஷம் நாலுதானேடி இருந்துச்சு?" என்றான் அண்ணன்.

"ஊர் வளருதுன்னு காட்ட வேண்டாமா? நல்லா படிக்கிற பிள்ளைக்குத்தானே பரிசு குடுப்பாங்க."

அண்ணன் தொழில் கணக்கெடுப்பில் தற்காலிக வேலை பார்ப்பவன். தங்கை ஆற்றோரத் தெருவில் பள்ளிச் சீருடை தைக்கிறாள்.

"அரசாங்கம் நமக்குக் குடுக்கிறது பரிசு இல்லம்மா. வசதியான மாவட்டத்து வரியிலேர்ந்து பின்தங்கின மாவட்டத்துக்கு வர்ற பணம். நாம தேறிட்டோம்னு கணக்கு சொன்னா நின்னுடும்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அந்தப் பணத்தில் கட்டும் பாலத்துக்கு ஆற்றில் ஐந்து தூண்கள் எழும்பியிருந்தன. மேல்தளம் இன்னும் போடவில்லை. பாலம் முடிந்தால் அக்கரையிலுள்ள மூன்று பள்ளிகளின் ஆர்டர் அவளுக்குத்தான். அதை நம்பி இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருந்தாள்.

"அண்ணா, அதுல ஆறு மெஷின் இரவல். நீ வர்றேன்னு அக்கம்பக்கத்துல வாங்கிப் போட்டேன். ரெண்டுல ஊசியே கிடையாது."

"அறிவுக்கொழுந்து. நீ மட்டுமா?"

"பேக்கரிக்காரர் சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஏப்ரன் மாட்டி வேலையாளுங்க மாதிரி நிறுத்தினார். லேத்துக்காரரும் அப்படித்தான். தெருவே பேசி வெச்சுதான் செஞ்சோம்."

அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அந்தக் கடைகளின் படிவங்களில், நேரில் எண்ணிச் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டு நேற்றே அனுப்பிவிட்டான். இப்போது தப்பென்று சொன்னால் வேலை போய்விடும். அது தங்கைக்கும் தெரியும். அவன் முகத்தைப் பார்க்காமல் மேசைமேல் கிடந்த நூல்துண்டுகளைக் கூட்டித் தள்ளினாள்.

"ஆபீஸுக்குப் போய், எண்ணினது தப்புன்னு சொல்றியாண்ணா?"