கதவில்லாத வீட்டு நாய்

எங்கள் வீட்டுக்குக் கதவில்லை. தொண்ணூறில் முல்லைத்தீவை விட்டு இயக்கத்தால் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் கிடந்துவிட்டு, சமாதானம் வந்து பாதை திறந்ததும், குடும்பத்தை அங்கே விட்டு நான் மட்டும் திரும்பி வந்தேன். சுவர்கள் நின்றன. கூரையையும் கதவையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கூரைக்குத் தகரம் போட்டேன். கதவைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துக் காணி யோகலிங்கம் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தான்.

"ஹலீம் நானா, கச்சானுக்குப் பன்றி வருது. இது நல்லாக் குரைக்கும்."

என் நிலக்கடலையைக் கிளற வருகிற பன்றி இதைக் கண்டால் சிரிக்கும். அவ்வளவு குள்ளம். காவலுக்கு நாய் வைக்க எங்கள் மார்க்கத்தில் தடையில்லை. தொழுகிற வீட்டுக்குள் விடக்கூடாது, அவ்வளவுதான். அந்தக் கழுதை முதல் நாளே என் தொழுகைப் பாய்க்குப் பக்கத்தில் மூத்திரம் பெய்து வைத்தது.

வந்த கோபத்துக்கு நாயை அவனிடமே திருப்பிக் கொடுத்திருப்பேன். கொடுக்கவில்லை. மறைப்பானேன், அந்த வீட்டில் என்னோடு இருக்க வேறு ஒரு சீவன் இல்லை.

என் மனைவி சபூறா டிசம்பர் லீவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். வந்து பார்த்துப் பிடித்தால் எல்லோரும் இங்கே. இல்லையென்றால் அவர்கள் அங்கே, நான் இங்கே. நாய் ஏறின வீட்டில் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். அவள் வருவதற்குள் இதைப் பழக்கியே ஆகவேண்டும்.

கதவிருந்தால் சாத்திவிடலாம். இல்லாத வாசலை நாய்க்கு எப்படிப் புரியவைப்பது? தின்றதும் வேலியடிக்குத் தூக்கிப் போவேன். அங்கே காரியத்தை முடித்தால் ஒரு கருவாட்டுத் துண்டு. வாசலுக்குள் கால் வைத்தால் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் நிலத்தில் ஓர் அடி. "சீ! வெளியால!" அடி நிலத்துக்குத்தான், ஆனால் அது நடுங்கிவிடும். பிறகு எனக்குச் சோறு இறங்காது.

"குளிப்பாட்டி நடுவீட்டில வைச்சாலும் நாய் நாய்தான், நானா," என்று யோகலிங்கம் நக்கலடித்தான்.

"நடுவீட்டில வைக்க ஆர் கேட்டது? நடுவீட்டுக்கு வராமல் இருந்தாக் காணும்."

ஒருவழியாகப் பழகிவிட்டது. பின்னேரங்களில் நான் உள்ளே இருந்து கதைப்பேன், அது வாசலுக்கு வெளியே இருந்து கேட்கும். கச்சான், இடுப்பு நோ, சபூறா வைக்கிற மீன் ஆணம், எல்லாக் கதையும் அதற்குத் தெரியும்.

சபூறா ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வெயிலில் காய்ந்து வந்து சேர்ந்தாள். கிணற்றைப் பார்த்தாள். குசினியைப் பார்த்தாள். கடைசியாக நாயைப் பார்த்து முகம் சுளித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு மீன் தலையை வாசலுக்கு உள்பக்கமாக வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நாய்க்கு வீணி வடிந்தது. ஒரு காலை வைக்கவேண்டுமே! வைக்கவில்லை.

"அல்லாஹ்வே, பிள்ளையளை விட இது சொல்லுக் கேக்குது," என்று வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் மனதுக்குள் கதவுக்கு அளவெடுத்துவிட்டேன்.

வெளிக்கிடுகிற அன்று காலையில்தான் சொன்னாள்.

"எல்லாம் வடிவாச் செய்திருக்கிறியள். ஒரு குறையும் சொல்லேலாது. ஆனா மூத்தவள் பஸ்லியாவுக்கு அங்கதான் மாப்பிள்ளை பேசியிருக்கு. சின்னவன் அங்க பிறந்தவன். எனக்கும் இப்ப அதுதான் ஊர் போல கிடக்கு."

"நாயை வேணுமெண்டா அனுப்பிவிடுறன்."

"நாயில என்ன கிடக்கு?" என்றாள். "நீங்கள் வாங்கோவன்."

கச்சான் கிண்ட வேண்டும் என்றேன். பொய்யில்லை. ஆனால் அது மட்டும் காரணமில்லை என்பது அவளுக்கும் தெரியும். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. காற்று சாய்த்து அடித்ததில் தாழ்வாரம் முழுக்கத் தண்ணீர். நாய் வாசலுக்கு வெளியே தெப்பமாக நனைந்து நின்று என்னைப் பார்த்தது. ஈர நாய் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்து. கழுவினால் போயிற்று. கிணறு நிறையத் தண்ணீர் இருக்கிறது. எனக்கும் வேறு வேலை இல்லை.

"வா," என்றேன். "உள்ளுக்கு வா ராசா."

வாலை ஆட்டியது. வரவில்லை. கருவாடு காட்டினேன். வரவில்லை. அதன் கண், மூலையில் சாத்தியிருந்த தும்புத்தடியிலேயே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்துபோய் அந்தத் தடியை எடுத்து முற்றத்துக்கு வீசினேன், இனி அடி இல்லை என்று அது விளங்கிக்கொள்ளட்டும் என்று.

அடிக்கத்தான் எறிகிறேன் என்று நினைத்து அது வேலியடிக்கு ஓடி, மழைக்குள் நின்றுகொண்டது.